அஷ்டமியில் வராத சரக்கு

அனுமந்தன்பட்டிக் கிளையை மூடிவிடலாம் என்று முதலாளி முடிவெடுத்தபோது அவர் கையில் இருந்தது நான் அச்சடித்துக் கொடுத்த தாள். நான் அதுவரை அச்சடித்ததிலேயே அழகான தாள் அதுதான். கிளைவாரியாகப் பிரித்து, விற்காமல் கிடக்கும் உரத்துக்கு நேராகக் கறுப்புப் பட்டை போட்டிருந்தேன். மற்ற கிளைகளின் பட்டை விரல் நீளத்தில் நின்றுவிட, அனுமந்தன்பட்டியின் பட்டை மட்டும் தாளின் ஓரம் வரைக்கும் ஓடியது. "இம்புட்டுச் சரக்க அங்கன போட்டு வச்சுக்கிட்டு மேற்கொண்டு அனுப்பு அனுப்புங்கிறானே" என்று முதலாளி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டால் பேச்சு முடிந்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் அலுவலகத்தில் எல்லாருக்கும் இது தெரியும்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் அந்தக் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன். அது சொன்னதைக் கேட்டு ஒருவர் ஒரு காரியம் செய்யப்போவது அதுதான் முதல்முறை.

எங்களுடையது தேனியில் உர மொத்த வியாபாரம். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பெரியகுளம் பக்கம் தேவதானப்பட்டியிலும் கெங்குவார்பட்டியிலும், மேற்கே கம்பத்திலும் அனுமந்தன்பட்டியிலும் கிளைகள். நான் கணக்கில் பட்டம் வாங்கி, அதற்குமேல் ஒரு கம்ப்யூட்டர் படிப்பும் படித்துவிட்டு, பில் அடிக்க வந்தவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதலாளி கோயம்புத்தூரில் ஏதோ வியாபாரிகள் கூட்டத்துக்குப் போனார். அங்கே ஒரு திரையில் யாரோ ஒருவருடைய வியாபாரம் முழுக்கக் கலர் கலராகத் தெரிந்திருக்கிறது. திரும்பி வந்தவர் சாப்பிடாமல்கூட அதையே பேசினார். அடுத்த மாதமே கோயம்புத்தூரிலிருந்து டை கட்டிய ஒருவர் புரோகிராமோடு வந்து இறங்கினார்.

அவர் அதற்கு 'பிசினஸ் இன்டெலிஜென்ஸ்' என்று பெயர் சொன்னார். "பிசினஸ் எங்கப்பா காலத்துல இருந்து இருக்கு தம்பி. மத்ததுதான் இல்லைன்னு சொல்றீகளாக்கும்" என்றார் முதலாளி. டை கட்டியவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அதைவிட அவரைக் குழப்பியது வேறொன்று. அவர் வந்து சேர்ந்த அன்று அஷ்டமி. மறுநாள் நவமி. கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது என்று சொல்லி முதலாளி அவரைப் பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் தங்கவைத்துவிட்டார். மூன்று வேளையும் சாப்பாடு போனது, வேலை மட்டும் நடக்கவில்லை. தசமியன்று நல்ல நேரம் பார்த்து மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பிரிண்டர் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்த பிறகுதான் பிளக்கைச் சொருக விட்டார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

வேலை இப்படித்தான் நடக்கும். கிளைகளில் அன்றன்றைக்கு என்ன சரக்கு வந்தது, என்ன விற்றது என்று ஒரு தாளில் எழுதி, பில் நகல்களோடு உறையில் போட்டுத் தேனி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார்கள். மறுநாள் காலையில் நானும் இன்னொரு பெண்ணும் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவோம். ஏற்றியதை அது தனக்குள் கூட்டிக் கழித்து, எந்தக் கிளையில் எந்த உரம் எத்தனை மூடை இருக்கிறது, எது ஓடுகிறது, எது தூங்குகிறது என்று தாளாகத் துப்பும். காரியம் கச்சிதமாகத்தான் இருந்தது. ஒரே குறை, அந்தத் தாளை யாரும் பார்க்கவில்லை. விருந்தாளி யாராவது வந்தால் முதலாளி என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டச் சொல்வார். அவர்கள் காப்பி குடித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். போனதும் முதலாளி பழையபடி போனை எடுத்து ஒவ்வொரு கிளையாக, "என்னப்பா, யூரியா எம்புட்டு இருக்கு" என்று கேட்பார். கணக்கப்பிள்ளை தன் பேரேட்டில் தனியாகக் கணக்கு எழுதினார். என் பக்கமே திரும்பமாட்டார். நான் அச்சடித்த தாளில் ஒருநாள் வடையை மடித்து எண்ணெய் ஒற்றிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு வந்த கோபத்தில் பிரிண்டரைத் தூக்கி மாடியிலிருந்து போட்டிருப்பேன். கனமாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

இந்த நிலைமையில்தான் முதலாளி என் தாளைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

செய்தி எப்படித்தான் பரவியதோ, மறுநாள் காலையில் அனுமந்தன்பட்டியிலிருந்து போன் வந்தது. அந்தக் கிளையை ஆரம்பித்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவர் அவர். நாற்பதைத் தாண்டியவர், நல்ல குரல். போனே தேவையில்லை, சின்னமனூர் வரைக்கும் கேட்கும் என்று கேலி செய்வோம். கம்ப்யூட்டர் என்றாலே ஆகாது அவருக்கு. அதைப் பெட்டி என்றும் என்னைக் கம்ப்யூட்டரம்மா என்றும்தான் சொல்வார்.

"ஏத்தா, எங்க கடைய மூடச் சொல்லி உன் பெட்டி சொல்லிருச்சாமே?"

"பெட்டி ஒண்ணும் சொல்லலண்ணே. நீங்க எழுதி அனுப்புனதத்தான் கூட்டிச் சொல்லுது. விக்காத சரக்கு அங்கன மலையாக் கிடக்கு."

"மலையா? இங்கன சுருளிமலைதான் இருக்கு. ஆத்துல தண்ணி தொறந்து நடவு நடக்குது. டிஏபி உரம் கேட்டு ஆளுக வாசல்ல நிக்கிறாக. ஒரு மூடை இல்லாம நான் முழிச்சுக்கிட்டு இருக்கேன். அனுப்புங்கன்னா, இருக்கிறத முதல்ல வித்துட்டுக் கேளுங்கிறாக முதலாளி. எதை விக்கிறது? என்னையத்தான் விக்கணும்." அதோடு போனை வைத்துவிட்டார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. பொய் சொல்கிறார் என்றே நினைத்தேன். ஆனால் அதைவிட மோசமான ஒன்று அந்த வாரமே நடந்தது. கிளையை மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் மற்ற கிளைகளிலிருந்து வரும் தாள்கள் திடீரென்று லட்சணமாகிவிட்டன. தேவதானப்பட்டியில் வந்த சரக்கெல்லாம் வந்த சூட்டோடு விற்றுக்கொண்டிருந்தது. கெங்குவார்பட்டியில் ஒரு மூடை மிச்சமில்லை. எல்லாம் கச்சிதம். எழுதுகிறவனுக்குப் பயம் வந்துவிட்டால் கணக்குக்கு இப்படி ஒரு பளபளப்பு வந்துவிடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கம்பத்துக் கிளையைப் பார்த்துக்கொண்டிருந்த பாய் ஒருவர்தான் எப்போதும்போல் கோணல்மாணலாக, உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினார். கேட்டதற்கு, "பொய் எழுத நேரமில்ல தங்கச்சி, கடையில ஆளு நிக்குது" என்றார்.

வெள்ளிக்கிழமை கிளைக்காரர்கள் கூட்டம். அதில் முதலாளி மூடுவதை அறிவிப்பதாக ஏற்பாடு. அதற்குமுன் அனுமந்தன்பட்டிக்குப் போய் இருக்கிற சரக்கை எண்ணி எழுதிக்கொண்டு வா என்று என்னை அனுப்பினார். அவர் வெள்ளிக்கிழமைக் காலையில் மதுரையில் நடக்கப்போகிற ஒரு கல்யாணத்துக்குச் செவ்வாய்க்கிழமையே கிளம்பிவிட்டார். புதன்கிழமை நான் கம்பம் பஸ்ஸில் ஏறினேன். உத்தமபாளையம் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. வேடிக்கை பார்க்கிற மனநிலையில் நான் இல்லை. பெட்டி பொய் சொல்லாது என்று அந்த மனிதர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான்.

கோடவுன் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே ஓரத்தில் கொஞ்சம் பொட்டாஷ் மூடைகள். மற்றபடி வெறும் தரை. என் தாளில் ஓரம் வரைக்கும் ஓடிய பட்டை அங்கே இல்லவே இல்லை.

"எண்ணு. நல்லா எண்ணு. பெட்டியவும் கூட்டியாந்திருக்கலாமே" என்றார்.

"அப்ப சரக்கு எங்கண்ணே போச்சு?"

நான் நினைத்து ஒன்றும் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. ஆனால் அவர் முகம் சுருங்கிப்போனது. அத்தனை சத்தமாகப் பேசுகிற மனிதர் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். கடையில் மூடை சுமக்கிற ஆள்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அவர்களுக்கும் வேலை போகப்போகிறது, அதற்கு ஆள் வந்திருக்கிறாள் என்கிற பார்வை. அந்த மனிதர் திருடக்கூடியவர் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. சரக்கும் இல்லை. என் தாளும் தப்பாக இருக்க வழியில்லை. மூன்றும் எப்படி ஒன்றாக இருக்கமுடியும் என்று புரியவில்லை.

அப்போது, மூடுகிற பேச்சு எழுவதற்கு முன்பே சொல்லிவைத்திருந்த சரக்கோடு லாரி வந்தது. கம்பத்துக்கும் அனுமந்தன்பட்டிக்கும் சரக்கு தேனிக்கு வந்து போவதில்லை. மதுரையில் கூட்ஸ் வண்டி வந்ததும் அங்கிருந்து லாரியில் நேராக ஏறி வந்துவிடும். லாரி சத்தம் கேட்டதும் எங்கிருந்துதான் வந்தார்களோ, வாசல் நிறைய ஆள்கள். டிராக்டர், மாட்டுவண்டி, சைக்கிள் எல்லாம் வந்து நின்றன. "ஏலே, பின்பலகையை இறக்குங்கலே" என்று பழைய குரல் திரும்ப வந்துவிட்டது அவருக்கு. மூடைகள் கோடவுனுக்குள்ளேயே போகவில்லை. லாரியிலிருந்து இறங்கி அப்படியே டிராக்டரில் ஏறின. அவர் மேசையில் உட்கார்ந்து மடமடவென்று பில் எழுதினார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து நகல்களைக் கிழித்துக் கொடுத்தேன். மதியத்துக்குள் லாரி காலி.

கூட்டம் கலைந்ததும் அன்றைய தாளை எடுத்து விற்றதையெல்லாம் எழுதினார். 'வரவு' என்ற இடத்தை அப்படியே விட்டுவிட்டு மடித்தார்.

"வரவு எழுதலையாண்ணே?"

"இன்னைக்கு எப்படி எழுதுறது?" சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரைக் காட்டினார். "இன்னைக்கு அஷ்டமி. நாளைக்கு நவமி. நாளன்னைக்குத் தசமியில வச்சிருவேன்."

"அண்ணே, வித்து முடிச்சிட்டீக. வரவே வைக்காத சரக்க எப்படிண்ணே விக்கிறது?"

என்னை ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "விக்கிறது நடவு போடுற சம்சாரியோட அவசரம் ஆத்தா. போறது எந்த நாள்ல போனா என்ன? வர்றதுதான் நல்ல நாள்ல வரணும். அஷ்டமியில வரவு வச்சா வெளங்குமா?"

எனக்குத் தலைக்குள் ஏதோ மளமளவென்று சரிந்தது. வரவு தசமியில். விற்பனை அஷ்டமியிலும் நவமியிலும். நாங்கள் பில்லை ஏற்றும்போது, அதில் குறித்திருக்கும் லோடு எண்ணுக்கு அந்த நாளுக்குள் வரவு இருக்கிறதா என்று கம்ப்யூட்டர் பார்க்கும். இல்லாத சரக்கை விற்றதாக ஒரு பில் வந்தால் என்ன செய்யும்? எனக்குத் தெரியவில்லை. அதுவரை கேட்கவேண்டும் என்று தோன்றியதும் இல்லை. "அண்ணே, வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். "ஏத்தா, சோறு தின்னுட்டுப் போ" என்று பின்னால் குரல் கேட்டது. பஸ் போய்க்கொண்டிருந்தது, கையைக் காட்டி ஏறிவிட்டேன்.

தேனி வந்ததும் கோயம்புத்தூருக்கு எஸ்டிடி போட்டேன். டை கட்டியவர் அலட்டிக்கொள்ளாமல் சொன்னார். அப்படிப்பட்ட பில்லைக் கணக்கில் சேர்க்காமல் தனியாக ஒதுக்கிவைத்துவிடுமாம். "யாருகிட்ட சொல்லும்?" என்றேன். யாரிடமும் சொல்லாதாம். ஒரு மூலையில் இருக்குமாம், கேட்டால் காட்டுமாம். அந்த மூலை எங்கே என்று கேட்டு எழுதிக்கொண்டு, அச்சடிக்கக் கொடுத்தேன். பிரிண்டர் கரகரவென்று ஓட ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. தாள் மேசையிலிருந்து வழிந்து தரையில் மடிந்து மடிந்து விழுந்தது. அனுமந்தன்பட்டி, அனுமந்தன்பட்டி, அனுமந்தன்பட்டி. சம்சாரிகள் வாங்கிக்கொண்டு போய், வயலில் போட்டு, பயிரும் பச்சைபிடித்துவிட்ட உரம் அத்தனையும் கம்ப்யூட்டரில் விற்காமல் கிடந்தது. பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தேதியாகப் பார்த்தேன். அஷ்டமி. நவமி. அஷ்டமி. ஒன்றுகூடத் தப்பவில்லை. நான் கைதட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன். கணக்கப்பிள்ளை பேரேட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, "என்ன பாப்பா, காத்து கருப்பு அடிச்சிருச்சா?" என்றார். அவரையும் விடவில்லை. அவர் பேரேட்டில் அந்தப் பில்களெல்லாம் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்க்கச் சொன்னேன். எல்லாம் இருந்தன. ஒரே அறையில் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்துகொண்டு, என் கணக்கையும் அவர் கணக்கையும் பக்கத்தில் வைத்து ஒருதரம்கூடப் பார்க்கவில்லை நாங்கள்.

மற்ற கிளைகளில் ஏன் இது வரவில்லை என்பதும் அப்போது விளங்கியது. கம்பத்துப் பாய்க்கு அஷ்டமி நவமி கிடையாது, வந்த அன்றைக்கே எழுதிவிடுவார். தேவதானப்பட்டிக்கும் கெங்குவார்பட்டிக்கும் தேனிக் கோடவுனிலிருந்து எங்கள் வண்டிதான் போகும். முதலாளி அஷ்டமி நவமியில் வண்டியை வெளியே எடுக்கவிடமாட்டார். அனுமந்தன்பட்டிதான் நடுவில் மாட்டிக்கொண்டது. மதுரை கூட்ஸ் வண்டிக்கு நாளும் கோளும் தெரியாது, இவருக்கு அது மட்டும்தான் தெரியும். அதற்குமேல், என் தாளைப் பார்த்த நாளிலிருந்து முதலாளி அனுப்புவதையும் குறைத்துவிட்டார். குறையக் குறைய, லாரி வந்த அன்றே பறந்தது. பறக்கப் பறக்க என் தாளில் பட்டை நீண்டது.

வெள்ளிக்கிழமை கூட்டம். முதலாளி கல்யாணத்திலிருந்து நேராக வந்து உட்கார்ந்துவிட்டதால் முன்கூட்டிப் பேச எனக்கு வழி கிடைக்கவில்லை. நான்கு கிளைக்காரர்களும் வந்திருந்தார்கள். கோயம்புத்தூர்க்காரரும் வந்திருந்தார். அனுமந்தன்பட்டிக்காரர் சலவை வேட்டி கட்டி, ஓரத்து நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலாளி என் பழைய தாளை எடுத்து வைத்து, தொண்டையைக் கனைத்து, கண்ணாடியைக் கழற்றினார்.

"முதலாளி, அந்தத் தாள் தப்பு" என்றேன்.

கூட்டத்தில் நான் பேசுவது வழக்கமில்லை. தாள் கொடுத்துவிட்டுக் கதவோரம் நிற்பதுதான் என் வேலை. எல்லாரும் திரும்பினார்கள். நான் ஒதுக்கிவைத்த பில்களின் தாளைக் கிழிக்காமல் அப்படியே சுருளாகக் கொண்டுபோயிருந்தேன். ஒரு முனையை முதலாளி மேசையில் வைத்துவிட்டு மறுமுனையை இழுத்துக்கொண்டு நடந்தேன். அது அறையைத் தாண்டி வாசல்படி வரைக்கும் போயிற்று. "இதெல்லாம் அனுமந்தன்பட்டியில வித்த சரக்கு. கம்ப்யூட்டர் சேத்துக்கல. தேதியெல்லாம் என்ன நாளுன்னு நீங்களே பாருங்க" என்று அவருடைய மேசை டிராயரில் எப்போதும் இருக்கும் பஞ்சாங்கத்தை எடுத்துக் கொடுத்தேன்.

பஞ்சாங்கம் பார்க்கக் கண்ணாடி வேண்டும். முதலாளி கழற்றி வைத்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். முடிவெடுத்த பிறகு அவர் அதைத் திரும்ப மாட்டி நான் பார்த்ததே இல்லை. அப்போதே ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் ஒரு தேதியைப் பார்த்தார், இன்னொன்றைப் பார்த்தார், பிறகு அனுமந்தன்பட்டிக்காரரைப் பார்த்தார்.

"ஏப்பா, அஷ்டமியில வரவு வைக்க மாட்டியா நீ?"

"நீங்க வைப்பீகளா முதலாளி?"

கம்பத்துப் பாய் முதலில் சிரித்தார். அப்புறம் அறையே சிரித்தது. கோயம்புத்தூர்க்காரர் மட்டும் சிரிக்காமல், இனிமேல் எல்லாக் கிளையிலும் சரக்கு வந்த அன்றே வரவு வைக்கவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், பழக்கத்தை மாற்றினால் சரியாகிவிடும் என்றார். முதலாளி அவரைப் பார்த்து, "தம்பி, நீங்க வந்து எறங்குன அன்னைக்கு உங்கள லாட்ஜ்ல போட்டு வச்சிருந்தேனே, எதுக்குன்னு நினைச்சீக?" என்று கேட்டார். பாவம், அவர் டையைச் சரிசெய்துகொண்டார்.

நான் விடவில்லை. "அவுக மாற வேண்டாம் முதலாளி. பெட்டி மாறட்டும். வந்த நாள்னு ஒரு கட்டம், வரவு வச்ச நாள்னு ஒரு கட்டம். சரக்கு எறங்குன அன்னைக்கே வந்த நாள எழுதிட்டு, வரவ அவுக அவுக நல்ல நாள்ல வச்சுக்கிடட்டும். கம்ப்யூட்டர் வந்த நாளப் பாத்துக் கணக்குப் போடட்டும்" என்றேன். கோயம்புத்தூர்க்காரர் அது கஷ்டம் என்றார். எவ்வளவு கஷ்டம் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு வாரம் ஆகும் என்றார். அப்புறம் என்ன கஷ்டம் என்றேன். இப்போது நினைத்தாலும் அன்றைக்கு எனக்கு அவ்வளவு வாய் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், பிரமாதமாக இருந்தது.

"கிளைய மூடல. டிஏபி நாளைக்கே ஏத்துங்க" என்றார் முதலாளி.

அனுமந்தன்பட்டிக்காரர் எழுந்து வந்தார். நன்றி ஏதாவது சொல்லப்போகிறார் என்று நினைத்து முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டேன். "கம்ப்யூட்டரம்மா, முதலாளி பாக்கிற தாளு எனக்கும் வேணும். தெனமும். என்னைப் பத்தி பெட்டி என்ன சொல்லுதுன்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா அன்னைக்கே தப்புன்னு சொல்லிக் கிழிச்சிருப்பேன்ல" என்றார். உடனே தேவதானப்பட்டிக்காரர் தனக்கும் வேண்டும் என்றார். எல்லாருக்கும் என்றார் முதலாளி.

அதுதான் நடந்தது, அதற்குமேல் ரகசியம் ஒன்றுமில்லை. மறுவாரத்திலிருந்து நான்கு கிளைகளுக்கும் நான்கு தாள், தமிழில், மூடைக் கணக்கில், முதல் பஸ்ஸில் பேப்பர் கட்டோடு போயிற்று. தப்பு இருந்தால் காலையிலேயே போன் வந்துவிடும். முதல் மாதம் திட்டு வாங்கி வாங்கி என் காது புண்ணாகிப்போனது. ஆனால் திட்டுகிறார்கள் என்றால் படிக்கிறார்கள் என்று அர்த்தம். வடை மடிக்க வேறு தாள் தேடிக்கொண்டார்கள். மூடுவதற்கு அல்ல, அனுப்புவதற்குத்தான் இந்தத் தாள் என்று தெரிந்ததும் தேவதானப்பட்டியின் பளபளப்புக் கணக்கும் தானாக மங்கி நிஜமாகிவிட்டது. ஒருநாள் கம்பத்துப் பாயிடம் துத்தநாக சல்பேட் தூங்கிக்கொண்டிருந்ததும், அனுமந்தன்பட்டியில் அதுவே ஒரு மூடை இல்லாமல் தீர்ந்திருந்ததும் இரண்டு பேருக்கும் ஒரே தாளில் தெரிந்தது. தேனியைக் கேட்காமலே ஒரு டெம்போவை அமர்த்தி மாற்றிக்கொண்டுவிட்டார்கள். முதலாளி போனை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மாவே உட்கார்ந்திருந்தார். காலை நேரத்தில் அவருக்குக் கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அந்த வருஷம் இரண்டாம் போகத்தில், உரம் இல்லை என்று ஒரு சம்சாரியைக்கூட நாங்கள் திருப்பி அனுப்பவில்லை.

கோயம்புத்தூர்க்காரர் பிறகு வேறு வேறு ஊர் வியாபாரிகளை அழைத்துவந்து எங்கள் அலுவலகத்தைக் காட்டுவார். இதே புரோகிராமை வாங்கிப்போட்டுவிட்டு யாரும் தொடாமல் வைத்திருக்கிற ஆள்கள் அவர்கள். நிர்வாகத்தின் ஆதரவு, பயிற்சி, தரவின் தரம் என்று அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவார். எல்லாம் சரிதான். கடைசியில் என் பக்கம் திரும்பி, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பார். உங்கள் கடையில் அஷ்டமியன்று என்ன நடக்கும் என்று கேட்பேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அவர் மட்டும் சிரிப்பார். அதற்குள் அவருக்கும் பழகிவிட்டது.

கிளைகளுக்கும் கம்ப்யூட்டர் கொடுப்பது என்று சில வருஷம் கழித்து முடிவானபோது முதல் கம்ப்யூட்டர் எங்கே என்று முதலாளி என்னைக் கேட்டார். கேட்கவே வேண்டியதில்லை. பெட்டி அனுமந்தன்பட்டிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, வந்து ஓட்டிக் காட்டு என்று போன் வந்தது. பஸ் ஏறிய பிறகுதான் பார்த்தேன், அன்றைக்கு அஷ்டமி. எப்படியும் திருப்பி அனுப்பப்போகிறார், சாப்பாடாவது போடுவார் என்று போனேன்.

போனால் கம்ப்யூட்டர் பிரிண்டரோடு மேசைமேல் உட்கார்ந்திருக்கிறது. சந்தனம் இல்லை, குங்குமம் இல்லை, எலுமிச்சம்பழம் இல்லை. வயர்களைக்கூட அவரே சொருகிவைத்திருந்தார். அதில் ஒரே ஒரு வயர்தான் தப்பான இடத்தில் இருந்தது.

"அண்ணே, இன்னைக்கு அஷ்டமி."

"தெரியும். எறக்குறதுக்கு அஷ்டமி என்ன நவமி என்ன? வெளியில ஆளு நிக்கிது பாரு. சீக்கிரம் சொல்லிக்குடு."

சொல்லிக்கொடுத்தேன். ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப்பிடித்து, அந்தக் கிளையின் முதல் சரக்கை அவரே ஏற்றினார். பொருள்: கம்ப்யூட்டர். எண்ணிக்கை: ஒன்று. வந்த நாள் என்ற கட்டத்தில் அன்றைய தேதி. வரவு வைத்த நாள் என்ற கட்டத்துக்கு வந்ததும் விரலை எடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். மூட இருந்த கடை, அந்த மேசை, நான் சண்டை போட்டு வாங்கிய அந்த இரண்டாவது கட்டம் எல்லாம் கண்ணில் பட்டன. அழுதால் காலத்துக்கும் கேலி செய்வார் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நாளன்னைக்கு வந்து நீயே குங்குமம் வச்சிட்டுப் போ ஆத்தா. அதுவரைக்கும் இது இன்னும் வரல, ஆமா" என்றார்.

அப்புறம் வெளியே நின்றவர்களைக் கூப்பிட்டார். அன்று சாயங்காலம் வரைக்கும், இன்னும் வராத அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து பில் வந்துகொண்டே இருந்தது.